டிரம்பெட் பழனியின் வாய்ப்பாட்டுத் தேர்வு

ஆடி பிறந்த வாரம், விஷால் ஆசிரியர்கள் நால்வரையும் மாடி அறைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தபோதே திரிசலாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் பஜ்ஜி வந்தால் பின்னாலேயே ஏதாவது வேலையும் வரும்.

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த விஷாலின் அப்பா, பதினைந்து வருஷத்துக்கு முன் தொடங்கிய இசைப் பள்ளி அது. கீழே கடையின் கிடங்கு. மேலே மூன்று அறைகள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் பெயருக்குத்தான். அப்பா பக்கவாதம் வந்து படுத்த பிறகு பொறுப்பு விஷாலிடம் வந்தது. கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. குரலை உயர்த்தமாட்டான். ஆனால் அவன் சிரித்துக்கொண்டே சொல்கிற எதையும் மறுத்துப் பேசத் தனித் தெம்பு வேண்டும். மாலை நாலரை மணிக்கு மேல் திரிசலாவிடம் அந்தத் தெம்பு மிச்சம் இருப்பதில்லை.

"பேரண்ட்ஸ் கேக்கறாங்க மேம், டீச்சர்ஸோட குவாலிஃபிகேஷன் என்னன்னு" என்றான் விஷால். "இந்த ரோட்டுலயே புதுசா ரெண்டு அகாடமி வந்துடுச்சு. நாமளும் ஒரு போர்டு வைக்கலாம்னு இருக்கேன். ஒவ்வொரு பேருக்குக் கீழயும் படிப்பு போடணும். பொங்கலுக்குள்ள எல்லார்கிட்டயும் ஒரு சர்ட்டிஃபிகேட் இருந்தா நல்லா இருக்கும்."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரிசலாவிடம் பட்டம் இருந்தது. தாமல் பக்கத்தில் நிலமும் வேர்க்கடலை வியாபாரமுமாக இருந்த சமணக் குடும்பத்தில் பிறந்து, ஜினாலயத்தில் தோத்திரம் பாடிய குரலைக் கேட்டு யாரோ சொன்னதன் பேரில் சென்னைக்குப் போய், குரலை விட்டுவிட்டு வயலின் படித்துவிட்டு வந்தவள். இப்போது நாற்பத்தாறு வயது. காலையில் செவிலிமேட்டில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர். சாயங்காலம் இங்கே வயலின். கூடவே கோஆர்டினேட்டர் என்று ஒரு பெயர். சாவி அவளிடம்தான், பெற்றோர் சண்டைக்கு வந்தாலும் அவளிடம்தான்.

கீபோர்டு சொல்லிக்கொடுத்த சுகாசினியும் தப்பித்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, யூடியூபைப் பார்த்து வாசிக்கப் பழகி, ஆன்லைனில் ஏதோ லண்டன் தேர்வு எழுதி வைத்திருந்தாள். வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாள்.

பாட்டு வாத்தியார் பராங்குசம் டீயை ஊதினார். வரதர் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். எழுத்துக் கூட்டுவதற்கு முன்பே பாசுரம் பாடியவர். அத்தையிடம் கேட்டுக் கேட்டு கீர்த்தனைகள் பாடம். பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். பாட்டுக்கென்று ஒரு காகிதமும் அவரிடம் கிடையாது.

நாலாவது ஆள் பழனி. பிள்ளையார்பாளையத்தில் பேண்டு செட்டு. கல்யாண ஊர்வலம், சாமி புறப்பாடு, சாவு, எல்லாவற்றுக்கும் டிரம்பெட் ஊதுகிறவன். விஷாலின் அக்கா கல்யாணத்தில் அவன் ஊதியதைக் கேட்டுவிட்டுப் பட்டுக்கடைப் பெரியவர்தான் கையோடு பள்ளிக்குக் கூட்டிவந்தார். டிரம்பெட்டும், சுகாசினி வராத நாட்களில் கீபோர்டும் சொல்லிக்கொடுத்தான். ஐம்பது வயது, எட்டாவது வரை படிப்பு. பிள்ளைகள் அதிகம் சேர்வது அவன் வகுப்பில்தான்.

"என்கிட்ட ஆதார் கார்டுதான் சார் இருக்குது" என்றான் பழனி. எல்லோரும் சிரித்தார்கள். விஷாலும் சிரித்தான். சிரித்துவிட்டு, "மேம் உங்களுக்கு கோச்சிங் குடுப்பாங்கண்ணா" என்றான்.

சென்னையில் ஓர் இசைக் கழகம் நடத்தும் சான்றிதழ் தேர்வு கார்த்திகையில் வந்தது. திரிசலா விசாரித்துப் பார்த்தாள். வயலினுக்கு உண்டு, வீணைக்கு உண்டு, புல்லாங்குழலுக்கும் மிருதங்கத்துக்கும் உண்டு. டிரம்பெட்டுக்குக் கிடையாது.

"அப்ப நான் எதுல எழுதறது டீச்சர்?"

"வாய்ப்பாட்டுதான்."

பழனி தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "இந்த வாயால ஊதத்தாம்மா தெரியும். பாடினா ஊரு தாங்காது."

இருவருக்கும் ஒத்துவந்த நேரம் ஒன்றே ஒன்றுதான். ஐந்தேகாலுக்கு முதல் வகுப்பு முடிந்து, ஆறு மணிக்கு அடுத்த வகுப்பு தொடங்குவதற்கு நடுவில் கிடைக்கும் நேரம். ஆறு மணிக்கு மேல் பழனிக்கு வகுப்போ கல்யாண வரவேற்போ இருக்கும். அந்த இடைவேளையில்தான் திரிசலா சாப்பிடுவாள். விளக்கு வைத்த பிறகு அன்னம் தொடுவதில்லை என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம், புகுந்த வீட்டிலும் அதுதான். கல்யாணத்துக்குப் பிறகு அதையே விரதமாக எடுத்துக்கொண்டிருந்தாள். இருட்டினால் தண்ணீர் மட்டும்தான். மதியம் கட்டிக்கொண்டு வரும் டப்பாவை அந்த நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து காலி செய்துவிட்டால், இரவு எட்டு மணி வரை கத்தலாம்.

இதைப் பழனியிடம் அவள் சொல்லவில்லை. ஏன் இருட்டினால் சாப்பிடமாட்டீர்கள், கிழங்கு ஏன் தொடமாட்டீர்கள், நீங்கள் சேட்டு வீட்டுச் சமணரா, தமிழ்ச் சமணர் என்று கூட இருக்கிறார்களா என்று வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது. முதல் வாரம் நடுவில் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். ஆனால் எதிரே ஒருவன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது சோறு இறங்குவதில்லை. அப்புறம் டப்பா திறக்கப்படாமலேயே வீட்டுக்குத் திரும்பியது.

பாடம் லேசில் நகரவில்லை.

"ஆதி தாளத்துக்கு எத்தனை அட்சரம்?"

"எட்டு."

"எப்படிப் பிரியும்?"

"அது எதுக்கு டீச்சர் பிரியணும்? சேந்தே இருக்கட்டுமே."

காதால் கேட்டதை உடனே ஊதிவிடுவான். அதற்கு என்ன பெயர் என்று கேட்டால் முழிப்பான். எழுதச் சொன்னால் இன்னும் மோசம். பேனா பிடித்தே முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. பாடுவதற்கோ வெட்கம். சுருதி பிசகாது, ஆனால் தெருவில் நூறு பேர் நடுவே ஊதிப் பழகிய மூச்சு, சின்ன அறைக்குள் அடங்க மறுத்தது. அவன் ஸ்வரவரிசை பாடினால் கீழே கிடங்கில் பார்சல் கட்டும் ஆட்கள் கைதட்டுவார்கள். பழனி வாயை மூடிக்கொள்வான். அவனை மறுபடி திறக்க வைப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிவிடும்.

வீட்டுக்கு வந்தால் அவள் கணவன் ஜீவந்தரன், "அந்த ஆளு பாஸ் பண்ணா உனக்கு என்ன குடுப்பாங்க?" என்று கேட்பான். குத்தலாகக் கேட்பதில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பான். அவள் கழற்றிய செருப்பை ஒழுங்காக விடக்கூட முடியாமல் போய்ப் படுப்பாள்.

புரட்டாசியில் போர்டின் மாதிரிப் படத்தை விஷால் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். மறுநாள் பழனி புத்தகத்தைத் திறக்காமல் போனை நீட்டினான்.

"டீச்சர், இந்த ‘கௌரவம்’னா என்னா படிப்பு?"

திரிசலா பார்த்தாள். அவள் பெயருக்குக் கீழே பட்டம். சுகாசினிக்கு லண்டன் கிரேடு. பராங்குசத்தின் பெயருக்குக் கீழே ‘கௌரவ ஆசிரியர்’. பழனியின் பெயருக்குக் கீழே காலியாக இருந்தது.

"அது படிப்பில்லை பழனி. மரியாதைக்குப் போடறது."

"அப்ப பாட்டு வாத்தியார் சாமி பரீட்சை எழுதலியா?"

அவள் புத்தகத்தைத் திறந்தாள். பழனி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "சரி, நான் வரேன்மா" என்று எழுந்து போய்விட்டான்.

அன்று திரிசலா விஷாலிடம் போனாள். கடையில் யாரோ கல்யாணப் புடவை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் நிற்க வேண்டியிருந்தது.

"பராங்குசம் சாரை எப்படி மேம் எழுதச் சொல்றது?" என்றான் விஷால். "அவங்க ஃபேமிலி இந்த ஊர்ல எப்படின்னு உங்களுக்கே தெரியும். அப்பா சங்கடப்படுவாரு."

"பழனியை மட்டும் சொல்லலாமா?"

"பழனி அண்ணனுக்கு அது நல்லதுதானே மேம்?"

திரிசலா திரும்பி வந்து ஆறு மணி வகுப்பை எடுத்தாள். பழனி இனி வரமாட்டான் என்றே நினைத்தாள். நினைத்தபோது மனசின் ஓர் ஓரத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. நாளையிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

மறுநாள் ஐந்தேகாலுக்குப் பழனி வந்து நின்றான். புதுப் பேனா வாங்கியிருந்தான்.

"எழுதறேன் டீச்சர். போர்டுக்காக இல்ல. எம்பேர்ல ஒரு பேப்பர் இருக்கட்டும். இந்த ஊர்ல முப்பது வருசமா ஊதிக்கினு இருக்கேன், எம்பேரு அச்சுல வந்ததே கெடையாது."

அதற்கப்புறம் அவன் படித்த வேகமே வேறு. ஊர்வலத்தில் வாணவெடிக்காக நிற்கிற நேரத்தில் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துத் தாளங்களை மனப்பாடம் செய்கிறானாம். அவன் மனைவி தையல்நாயகி வீட்டில் கேள்வி கேட்கிறாளாம். விஷயம் பராங்குசத்தின் காதுக்கும் போயிருந்தது. ஒருநாள் அவரே படியேறி வந்து, செருமிக்கொண்டு நின்றார்.

"பாட்டுப் பகுதியை நான் பார்த்துக்கறேம்மா. நீ எழுத்தைப் பாரு."

பழனி தலையைத் தூக்கவில்லை. அவர் எதிரே உட்கார்ந்தார். வர்ணத்தைப் பாடிக் காட்டினார். பழனி பாடினான்.

"ஓய், தேர் இழுக்கற மாதிரி இழுக்காதேயும். வர்ணம் இது."

"தேரு முன்னாடிதான் சாமி ஊதிப் பழக்கம்."

 பராங்குசத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாரம் இரண்டு நாள் வந்தார். அவர் வந்தால் திரிசலாவுக்கு ஓய்வு என்றுதான் பெயர். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இருவருக்கும் முட்டிக்கொள்ளும், நடுவில் அவள் போய் நிற்க வேண்டும். ஐப்பசி வந்து பொழுது சுருங்கியது. வகுப்பு நடுவிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஒருநாள் ஆறு மணி வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணை இருட்டிக்கொண்டு வர, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் கவனிக்கவில்லை.

தேர்வுக்கு அவளும் கூடப் போனாள். தனியாகப் போக அவனுக்குப் பயம். மைலாப்பூரில் ஒரு மண்டபம். பத்து வயதுப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் நிறைந்த வராந்தாவில், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பழனி ஓர் ஓரமாக நின்றான். யாரோ ஓர் அம்மா அவனை வாட்ச்மேன் என்று நினைத்து, குடிக்கத் தண்ணீர் எங்கே என்று கேட்டாள். அவன் தேடிப் பார்த்துக் காட்டிவிட்டு வந்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. பூந்தமல்லி தாண்டுவதற்குள் திரிசலாவுக்குத் தூக்கம் சொக்கியது. பின் சீட்டிலிருந்து பழனி சொல்லிக்கொண்டே வந்தான். அவள் பாதி கேட்டாள், பாதி தூங்கினாள்.

"...வர்ணத்துல நடுவுல மறந்துபூட்டேன் டீச்சர். அப்படியே நின்னுட்டேன். ‘அம்மா, விட்ட எடத்துலேர்ந்து எடுத்துக்கலாமா, எங்க செட்டுல அப்படித்தான்’னேன். பரீட்சை வெச்ச அந்தம்மா சரின்னுச்சு. அப்புறம் ஏதோ வாசிச்சுக் காட்டி இது என்னா ராகம்னு கேட்டாங்க. மாப்பிள்ளை அழைப்பு ராகம்னு சொல்லிட்டேன்..."

அவள் விழித்துக்கொண்டாள். "பேர் சொல்லலியா?"

"அப்புறமா சொல்லிட்டேன். ஆனா தப்பா சொன்னேனான்னு தெரியல."

தப்பாகத்தான் சொல்லியிருந்தான். ஆனாலும் தை மாதம் முடிவு வந்தபோது இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தான். விஷால் லட்டு வாங்கி வந்து போட்டோ எடுத்தான். போர்டு மாட்டப்பட்டது. பழனி சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவராத்திரி கழிந்த வாரம், முதல் வகுப்பு முடிந்த நேரத்தில், வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னபோதும் வரவில்லை.

"ஒரகடத்துக்குப் பக்கத்துல ஒரு பெரிய ஸ்கூலுங்க டீச்சர். பேண்டு மாஸ்டர் வேணுமாம். ஏதாவது ஒரு சர்ட்டிபிகேட் இருந்தா போதும்னாங்க. வேன் வருதாம். பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாம் இருக்குதாம். அடுத்த மாசம் சேரச் சொல்றாங்க."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் முதலில் மேலே வந்தது வேறொன்று. ஆடியிலிருந்து சேர்ந்திருந்த களைப்பு மொத்தமும்.

"அதுக்குத்தான் நான் அத்தனை மாசம் பட்டினி கிடந்தேனா?" என்றாள்.

பழனிக்குப் புரியவில்லை. "என்னா பட்டினி டீச்சர்?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லத் தொடங்கியாகிவிட்டது. விரதத்தையும் டப்பாவையும் கண் இருட்டிக்கொண்டு வந்ததையும் கோர்வையில்லாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே கூசியது. பழனி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு வார்த்தை சொல்லலியேம்மா. நான் பாட்டுக்கு உன் எதிர்ல பன்னும் டீயும் துன்னுக்கினு..."  பதற்றத்தில் ‘உன்’ என்று வந்துவிட்டதை இருவருமே பொருட்படுத்தவில்லை. "வேணாம்னு சொல்லுங்க, போகல."

"பைத்தியமா உங்களுக்கு? போங்க. நல்ல வேலை. நான் ஏதோ களைப்புல பேசிட்டேன்."

அந்த மாதம் மிச்சமிருந்த நாட்களில், தினமும் ஐந்தேகாலுக்கு ஒரு தூக்குச்சட்டி வந்தது. தையல்நாயகி கொடுத்தனுப்பியது. "கெழங்கு போடல, வெங்காயம் பூண்டு போடல. கடைத்தெருவுல சேட்டம்மாகிட்ட கேட்டுக்கினுதான் செஞ்சுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை அவளுடைய அடுத்த வகுப்புக்கு முன்னதாகவே வந்துவிடும் பிள்ளைகளைத் தன் அறைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். சாம்பார் சாதம் கொஞ்சம் உப்புத் தூக்கல். திரிசலா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

பழனி போன பிறகு அவனுடைய பிள்ளைகளும் அவள் தலையில் விழுந்தார்கள். டிரம்பெட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. கீபோர்டில் ஒரு விரலால் ஸ்வரவரிசை வாசித்துக் காட்டினாள். "பழனி சார் எப்ப வருவாரு?" என்று ஒரு பெண் தினமும் கேட்டாள். இரண்டு வாரம் கழித்து, பழனி அனுப்பியதாகச் சொல்லி எத்திராஜ் என்று ஒருவர் வந்தார். அதே பேண்டு செட்டில் கிளாரினெட். வந்த அன்றே பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டார். தரையில் தாளம் தட்டும் சத்தம் ஒழுங்காக வர ஆரம்பித்தது. திரிசலா அடுத்த அறையில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டாள்.

விஷால் வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கும் பிடித்திருந்தது.

"நல்லா எடுக்கறாரு மேம். சர்ட்டிஃபிகேட் ஏதாவது...?"

"இல்லை."

"பரவாயில்ல. பழனி அண்ணனை பண்ண மாதிரி இவரையும் நீங்களே ரெடி பண்ணிடுங்க."

அவன் சிரித்தான். வழக்கமாக அவளும் ‘பார்க்கலாம்’ என்று சிரித்துவைப்பாள். இந்தமுறை சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான் வயலின் மட்டும் எடுக்கறேன் விஷால். முதல் வகுப்போட போயிடுவேன். வேற எதுவும் என்னால ஆகாது."

"என்ன மேம் திடீர்னு? அப்ப கோஆர்டினேட்டர் யாரு?"

பராங்குசம் அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். திரிசலா அவரைப் பார்த்தாள்.

"சார் இருக்காரே. போர்டுலயே போட்டிருக்கோம். கௌரவத்துக்குக் கீழ ஒரு வேலையும் இருக்கட்டும்."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. பராங்குசத்துக்கும் அது தெரிந்தது. மேசைமேல் இருந்த சாவியையும், அவள் முகத்தையும் பார்த்தார். 

"இதுல வாசல் பூட்டுக்கு எதும்மா?" என்று கேட்டார்.

மறுவாரத்திலிருந்து அவர் பார்த்துக்கொண்டார். எத்திராஜைத் தேர்வு எழுதச் சொல்லவேண்டாம் என்று விஷாலிடம் அவரே பேசிவிட்டதாகச் சுகாசினி சொன்னாள். "எனக்கில்லாத பரீட்சை அவருக்கெதுக்கு?" என்றாராம். விஷாலுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒருநாள் முதல் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் திரிசலா உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. பராங்குசம். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அம்மா திரிசலா, நாலு பேர் வந்து நிக்கறா. பழனி இல்லேன்னா பணத்தைத் திருப்பிக் குடுங்கறா. ஒரு அம்மா கத்தறா. என்ன சொல்லட்டும்?"

பின்னணியில் கத்தல் கேட்டது. அந்தக் குரல் யாருடையது என்றுகூட அவளுக்குத் தெரியும். நான் வருகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"‘பார்க்கலாம்’னு சொல்லுங்க சார்."

"அவ்வளவுதானா?"

"உட்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, மறுபடியும் சொல்லுங்க. நான் அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

அவர் சரி என்றார். போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. "உக்காருங்கோ, உக்காருங்கோ" என்று அவர் சொல்வது கொஞ்ச நேரம் கேட்டது. திரிசலா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பஸ் நெரிசலில் நின்று நின்று நகர்ந்தது. சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்தாள். இறங்கும் இடம் வந்தால் எழுப்பிவிடும்படி கண்டக்டரிடம் முதலிலேயே சொல்லியிருந்தாள்.